நேரம் பார்த்துப் போட்ட சுவிட்ச்

நான் பி.இ. எலக்ட்ரானிக்ஸ். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி எங்கே வேலை என்பதாகத்தான் இருக்கும். கவரைப்பேட்டையில், ஜி.என்.டி. ரோட்டு ஓரம், கார் ஆடியோ கடையில் பில் போடுகிறேன் என்றால் கேட்டவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். மாற்றட்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் ஏறி இறங்காத கம்பெனி கேட் இல்லை. நைட் ஷிப்ட் இருக்கிறது, லேடீஸ் எடுப்பதில்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். அதே கம்பெனிகளில் என் அம்மா மூன்று ஷிப்டும் பெருக்குகிறாள். துடைப்பத்துக்கு மட்டும் லேடீஸ் ஆகும்.

கடை அமீருதீன் பாயுடையது. பழவேற்காட்டுக்காரர். முன்னால் கண்ணாடிக் கதவு, ஷோகேஸ், என்னுடைய கம்ப்யூட்டர். பின்னால் தகர ஷெட். ஷெட்டில் சின்னராசு அண்ணன். பதினேழு வருஷமாக லாரிக்கும் காருக்கும் ஸ்பீக்கர் மாட்டுகிறவர். வண்டி ஸ்டார்ட் செய்தால் பாட்டோடு சேர்ந்து கொய்ங் என்று இரைச்சல் வருகிறது, எதனால் என்று அவருக்கே பிடிபடாதபோது மெதுவாகக் கண்ணாடிக் கதவைத் தட்டி, "பாப்பா, கொஞ்சம் வந்து பாரேன்" என்பார். போய்ப் பார்ப்பேன். எர்த்து சரியாக இருக்காது. சொல்லிவிட்டு மறுபடி வந்து பில் போடுவேன். ரெண்டரை வருஷம் இப்படியே போனது.

என்னை ஷெட்டில் விடுங்கள் என்று பாயிடம் நாலு முறை கேட்டிருக்கிறேன். "ஃபேனுக்குக் கீழ உக்கார வச்சிருக்கேன். வேற இன்னா வோணும் உனக்கு? பொம்பளப் புள்ள கார் அடியில படுத்துக்கினு இருந்தா கஸ்டமர் இன்னா நினைப்பான்?" என்பார். கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

2008 ஆவணியில் அந்தக் கார் வந்தது.

திருவள்ளூரிலிருந்து ராமஸ்வாமி என்பவர் ஓட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் தம்பிகள் எல்லாம் கோயில் கைங்கரியத்தில் இருக்க, இவர் மட்டும் சிப்காட்டில் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருக்கிறார். கார் அவருடைய அப்பா வாங்கியது. ஐம்பத்தஞ்சாம் வருஷத்து மாரிஸ் மைனர், மேலே துணிக்கூரை, கருநீலம். அவர்கள் வீட்டு மாப்பிள்ளைகள் எல்லாரும் ஜானவாசத்துக்கு இதில்தான் போயிருக்கிறார்களாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து ஊர்வலம் விடுவார்களே, அது. வியாழக்கிழமை அவர் பெண் ஸ்ரீப்ரியாவுக்கு ஜானவாசம். மாப்பிள்ளை அமெரிக்கா. அவர் ஒரே ஒரு ஆசை சொல்லியிருக்கிறார். தன்னுடைய ஐபாடில் இருக்கிற பாட்டு காரில் கேட்க வேண்டும்.

மாப்பிள்ளை ஆசையைத் தட்ட முடியாது. ஆனால் ராமஸ்வாமி சாருக்கு ரெண்டு நிபந்தனை. வீதியில் நிற்கிற ஒருத்தன் கண்ணுக்கும் ஒரு ஒயர், ஒரு ஸ்பீக்கர் தெரியக்கூடாது. காரில் புதிதாக ஒரு ஓட்டை விழக்கூடாது. "எங்கப்பா வச்ச மாதிரியே இருக்கணும். பாட்டு மட்டும் எங்கேர்ந்தோ வரணும்" என்றார்.

பாய் தலையாட்டிவிட்டார். ஆர்டர் என்றால் தலை தானாக ஆடும். சின்னராசு அண்ணன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூடின காரென்றால் பின்னால் பலகையில் வைத்துவிடலாம், இது மொட்டைக் கார், எங்கே ஒளிக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினார். நான் கவுண்டரை விட்டு எழுந்து வந்துவிட்டேன். பாட்டு செட்டை டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடிவிடலாம். முன் ஸ்பீக்கர் ரெண்டும் கால் வைக்கிற இடத்துப் பக்கவாட்டில். பின் ஸ்பீக்கர் பக்க அட்டைக்குள், மேலே அதே நிற ரெக்ஸின் ஒட்டி, ஊசியால் பொடிப்பொடியாகக் குத்திவிட்டால் சத்தம் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியாது. ஆம்ப்ளிஃபையர் பின் சீட்டுக்கு அடியில். நின்ற இடத்திலேயே சொன்னேன். ராமஸ்வாமி சார் பாயைப் பார்த்து, "நன்னா சொல்றாளே, யாரு இது?" என்றார். பில் போடுற பொண்ணு என்றார் பாய்.

பாய்க்குத் திங்கள், செவ்வாய் பழவேற்காட்டில் தங்கச்சி பெண் நிக்காஹ். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, நீ பேப்பரில் வரைந்து கொடு, சின்னராசு பூட்டுவான் என்றார்.

"வேலை நல்லா வந்தா?" என்றேன்.

"வந்தா பாக்கலாம்."

"பாக்கலாம் கிடையாது பாய். நல்லா வந்தா நான் ஷெட்டுக்குப் போறேன். கவுண்டருக்கு வேற ஆள் பாருங்க."

சிரித்தார். சரி போ, வந்தா போ என்றார். சின்னராசு அண்ணன் சாட்சி.

திங்கட்கிழமை காலை பேப்பரில் வரைந்தேன். வரைந்ததை அண்ணன் கையில் கொடுக்கும்போது எனக்கு மனசு வரவில்லை. அவர் ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிறவர். கை பழகியது அப்படி. என் படத்தை அவர் முறுக்கி டேப் சுற்றி வைத்தால், நாளைக்கு நன்றாக வந்தாலும் அது அவர் வேலைதான், நான் பேப்பரில் கிறுக்கினவள்தான். நானே செய்கிறேன் என்றேன். பாய்க்குத் தெரிந்தால் பேஜாராகும் என்றார். தெரிய வேண்டும் என்றுதானே செய்கிறேன், நன்றாக வந்த பிறகு தெரியட்டும் என்றேன். அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "செய்யி. எனக்கு இன்னா, முதுகு மிச்சம்" என்றார்.

துப்பட்டாவை முடிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். ரெண்டு நாள் நான் சாப்பிட்டது நினைவில்லை. செட்டிலிருந்து பின் சீட் வரை போகிற ஒயரைக் கீழ்த்தட்டு ரப்பர் விரிப்புக்கு அடியில், ஏற்கெனவே இருந்த பட்டிக்குள் கோத்தேன். ஒவ்வொரு இணைப்பும் ஈயம் வைத்துப் பற்ற வைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, சூடு காட்டிச் சுருக்கினேன். நடுநடுவே கரண்ட் போகும். அந்த வருஷம் கரண்ட் எப்போது இருந்தது. சால்டர் கம்பி ஆறிப் போகும், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரெக்ஸினில் ஆயிரத்துக்கு மேல் குத்தினேன், ஆள்காட்டி விரல் மரத்துப் போனது. நெல்லூர் லாரிக்காரர்கள் ஹாரன் கேட்டு வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு ஆள் தெலுங்கில் என்னவோ சொல்லிச் சிரித்தான். சின்னராசு அண்ணன், "நைனா, ஹாரன் வேணும்னா நில்லு, சினிமா வேணும்னா பொன்னேரிக்குப் போ" என்று அனுப்பினார்.

செவ்வாய் மத்தியானம் கடைசி வேலை, பேட்டரி. பானெட்டைத் திறந்தால் பேட்டரி தெரியவில்லை, பூஜை அறை தெரிந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு ஜானவாசத்துக்கும் சந்தனம், குங்குமம். துடைப்பது பாவம் போல, மேலே மேலே பூசியிருக்கிறார்கள். பிளஸ், மைனஸ் குறி எல்லாம் அந்தப் பற்றுக்கு அடியில். ஒரு முனையிலிருந்து ஒயர் பாடிக்குப் போகிறது. இன்னொரு முனை, எட்டுகிற பக்கம் இருப்பது, செக்கச்செவேல் என்று குங்குமத்தில் குளித்திருந்தது. பாடிக்குப் போவது மைனஸ். நான் பார்த்த எல்லாக் காரிலும் அப்படித்தான். காலேஜ் புத்தகத்திலும் அப்படித்தான். சிவப்பாக இருப்பது பிளஸ். கையும் கண்ணும் அப்படியே பழகிவிட்டன.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மீட்டர் மைனஸ் பன்னிரண்டரை காட்டியது. எங்கள் கடை மீட்டரின் சிவப்பு ஒயர் எப்போதோ அறுந்து, அண்ணன் அதற்குப் பதில் ஒரு கறுப்பு ஒயரைப் போட்டு வைத்திருந்தார். ரெண்டும் கறுப்பு. எது எந்த ஓட்டையில் சொருகியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தினமும் பாதி நேரம் மைனஸ்தான் காட்டும். எண்ணை மட்டும் படிப்போம், குறியை விட்டுவிடுவோம்.

அன்றைக்குப் பார்த்து சின்னராசு அண்ணன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"மைனஸ் காட்டுதே, பாப்பா?"

"மீட்டர் ஒயர் மாறியிருக்கு."

"பழைய வண்டி. எதுக்கும் ஒருவாட்டி..."

"அண்ணா, பி.இ. நீங்க படிச்சீங்களா, நான் படிச்சேனா?"

அவர் வாயில் இருந்த பீடியை எடுத்தார். திரும்பப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான் சிவப்பு ஒயரைக் குங்குமத்தில் மாட்டினேன்.

அப்போதே சுவிட்ச் போட்டுப் பார்த்திருந்தால் விஷயம் ஷெட்டுக்குள் முடிந்திருக்கும். போடக்கூடாது என்று உத்தரவு. ராமஸ்வாமி சார் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். புதன்கிழமை பத்தரைக்கு வருவேன், முதல் சுவிட்ச் நான்தான் போடுவேன், முதலில் பெருமாள் பாட்டு, அதற்கு முன்னால் கொய்ங் கிய்ங் என்று எதுவும் அதில் சத்தம் வரக்கூடாது. பன்னிரண்டுக்கு மேல் ராகு காலம், தாமதம் ஆகக்கூடாது. பாயும் போனில் ரெண்டு முறை சொன்னார், அய்யர் மனசு கோணாம நடந்துக்கோ என்று. அவர் அய்யர் இல்லை, அய்யங்கார் என்று திருத்தினேன். திருத்தத் தெரிந்தது. ஃப்யூஸைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். டெஸ்ட் பண்ணாமல் கொடுப்பது தப்பு என்று தெரியும். ஆனால் என் ஒயரிங்குக்கு டெஸ்ட் எதற்கு என்று ஒரு திமிரும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை பத்தரை. பாய் நிக்காஹ் அத்தர் வாசனை போகாமல் வந்து நின்றார். ராமஸ்வாமி சார் தேங்காயோடு வந்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார், பெட்டியைத் திறந்து மூடினார், பக்க அட்டையைத் தடவினார். "எங்கேப்பா வச்சேள்?" என்று சின்னராசு அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பொறு என்று கண்ணைக் காட்டினேன். பாட்டு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. நான் ஃப்யூஸைச் சொருகினேன். அவர் தேங்காயை உடைத்து, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, சுவிட்சைப் போட்டார்.

டப் என்று ஒரு சத்தம். பின் சீட்டுக்கு அடியிலிருந்து புகை. மீன் கருகினது போல ஒரு நாற்றம். நான் பாய்ந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். ஃப்யூஸ் அதற்குப் பிறகு சாவகாசமாகப் போயிருந்தது.

ராமஸ்வாமி சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கப்பா கார்" என்று மட்டும் சொன்னார். பிறகு வெளியே போய் ரோட்டு ஓரம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். பாய் சின்னராசு அண்ணன் பக்கம் திரும்பினார். குடித்துவிட்டு ஒயர் மாட்டினாயா, பதினேழு வருஷம் சோறு போட்டதற்கு இதுதான் கூலியா, நாளைக்குக் கல்யாண ஊர்வலம், நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு திருவள்ளூர் பக்கம் போவேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார்.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கார் எரிந்தால் அது ஆம்பளை எரித்ததாகத்தான் இருக்கும்.

நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால், அண்ணன் ஸ்குரூடிரைவர்களைத் துடைத்துத் துடைத்துப் பைக்குள் போடுகிற நேரம். ஒரு வார்த்தை, இந்தப் பொண்ணுதான் மாட்டுச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது, இவர் யார் எனக்காகச் சும்மா இருக்க என்று.

பானெட்டைத் திறந்தேன். ஸ்குரூடிரைவரால் அந்தச் சிவப்புப் பற்றைச் சுரண்டினேன். பட்டை பட்டையாகப் பெயர்ந்தது. அடியில் காரீயத்தில் பதிந்து இருந்தது ஒரு சின்னக் கோடு. மைனஸ். இன்னொரு பக்கம், பாடிக்குப் போகிற முனையில், பிளஸ். இந்தக் காரில் பாடிதான் பிளஸ். நான் மாட்டியது தலைகீழ். அந்தக் காலத்து வெள்ளைக்கார வண்டிகளில் அப்படி உண்டு என்று காலேஜில் எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. ஆனால் மீட்டர் சொன்னது. சின்னராசு அண்ணன் சொன்னார்.

பாயிடம் போனேன்.

"நான்தான் பாய் மாட்டினேன். அண்ணன் ஒரு ஒயரைக்கூடத் தொடல."

பாய் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. "அவனைக் காப்பாத்தப் பொய் சொல்லாத கெங்கா. உனக்கு நல்ல மனசு, தெரியும். போய் கவுண்டர்ல உக்காரு."

ரெண்டரை வருஷத்தில் பாய் மேல் வராத கோபம் அப்போது வந்தது. நல்ல மனசாம். தப்பு செய்தேன் என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் அந்தத் தப்பைச் செய்யும் அளவுக்கு வேலை எனக்குத் தெரியும் என்று நம்ப வேண்டியிருக்கும். பாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஒரு முஸ்லிம் பெரியவர் கையை இப்படிப் பிடிக்கலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. பின் சீட்டைத் தூக்கிப் போட்டேன். ரப்பர் விரிப்பை உரித்தேன்.

"இதைப் பாருங்க. அண்ணன் முறுக்கி டேப் சுத்துவாரு. கடையில எந்த வண்டிய வேணா திறந்து பாருங்க. இதுல டேப் இருக்கா? ஈயம் வச்சிருக்கு, ஸ்லீவ் போட்டிருக்கு. பதினாலு ஜாயிண்ட். எண்ணுங்க. இந்த ரெக்ஸின்ல குத்தினது யாரு? என் விரலைப் பாருங்க. அவ்வளவும் நான். எரிச்சதும் நான். அண்ணன் மைனஸ் காட்டுதுன்னு சொன்னாரு, நான் அவரைப் படிச்சீங்களான்னு கேட்டேன்."

பாய் குனிந்து ஒரு ஜாயிண்ட்டை நகத்தால் கீறிப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். ரொம்ப நேரம் எழவில்லை. ராமஸ்வாமி சார் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை, தேங்காய் மூடி இன்னும் கையில் இருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் பாடுமா?" என்றார்.

பாய் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான், பாடும் என்றேன். காரின் கரண்ட்டைத் தொடவே போவதில்லை. தனி பேட்டரி, தனி ஒயர், எல்லாவற்றையும் மரப்பலகை மேல் வைத்துப் பாடியில் ஒட்டாமல் கட்டிவிடுவேன். சீட்டுக்கு அடியில் ஒன்று இருப்பது காருக்கே தெரியாது. ஊர்வலம் முடிந்ததும் அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். அப்பா வைத்த மாதிரியே கார் திரும்பக் கிடைக்கும்.

"ஆனா ஒண்ணு சார். இந்தத் தடவை நான் போட்டுப் பார்த்துட்டுத்தான் உங்களைக் கூப்பிடுவேன். நேரம் பார்க்க மாட்டேன்."

"ராகு காலத்துலயா?"

"வேலை எப்ப முடியுதோ அப்ப."

அவர் பாயைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார். போடு, ஆனால் அதை என்னிடம் சொல்லாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் ராமஸ்வாமி சார்.

அவர் போன பிறகு பாய் என்னிடம் ரெண்டே வாக்கியம் சொன்னார். "வண்டி போற வரைக்கும் இரு. அப்புறம் உன் கணக்கைப் பேசிக்கலாம்." ஷோகேஸிலிருந்து வேறு ஆம்ப்ளிஃபையரையும் செட்டையும் அவரே எடுத்து வந்து ஷெட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். கையில் தரவில்லை.

சின்னராசு அண்ணன் கிளம்பவில்லை. நன்றி எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, மடச்சி. அவர் பையைத் தூக்கி மூலையில் எறிந்தார். "உன்ன யாரு சொல்லச் சொன்னா? வேற கடை கிடைக்காதா எனக்கு? இப்ப ஊர்ல இன்னா பேசுவான், பொட்டப் புள்ள சொல்லிப் பொழைச்சவன்னு பேசுவான்."

நான் நேற்று பேசினதற்கு மன்னிப்பு கேட்க வாய் எடுத்தேன். வராது எனக்கு. வீட்டில் யாரும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. "பலகை எங்கண்ணா இருக்கு?" என்றுதான் வந்தது. அவர் போய்க் கொண்டுவந்து தொப்பென்று போட்டார். அளவு சரியாக இருந்தது.

பேட்டரி எடுக்க நேரே கவுண்டருக்குப் போனேன். கம்ப்யூட்டருக்கு அடியில் இருந்த யு.பி.எஸ்.ஸைத் திறந்தேன். உள்ளே ரெண்டு பேட்டரி, புதுசு. ரெண்டையும் உருவி எடுத்தேன். கரண்ட் போனால் இனி பில் வராது. பாய் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மீட்டரின் ஒரு ஒயரை அறுத்து எறிந்துவிட்டு சிவப்பு ஒயர் மாட்டினேன், பிறகுதான் மற்ற வேலை. கருகிய ஆம்ப்ளிஃபையரைக் கழற்றினபோது சீட்டுக்கு அடியில் கம்பளித் துணியில் உள்ளங்கை அளவு கறுத்திருந்தது. அதை வெட்டி வேறு தைக்கச் சொன்னேன். பக்கத்துச் சீட் கவர் கடை ஆதிகேசவன் தைத்துக் கொடுத்தார், எதற்கு என்று கேட்கவில்லை. கவரைப்பேட்டைக்கே அதற்குள் தெரிந்திருந்தது.

ஸ்பீக்கர் கூடு, செட்டின் தகரம், எது எது பாடியில் உரசுமோ அத்தனைக்கும் ரப்பர் வைத்தேன். ஒவ்வொரு திருகுக்கும் மீட்டர் வைத்தேன், ஒவ்வொரு தடவையும் குறியைப் படித்தேன். அண்ணன் ஒரு பக்கம் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு இடத்தில் அவசரமாக ஒயரை இழுத்தபோது மட்டும் என் மணிக்கட்டில் தட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்குச் சுவிட்ச் போட்டேன். நல்ல ராகு காலம். முதலில் வந்தது எஃப்.எம்.மில் நெய் விளம்பரம். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. செய்த எனக்கே தெரியவில்லை. கார் சும்மா நின்றுகொண்டிருந்தது, அதைச் சுற்றிக் காற்றில் ஒருத்தி நெய் வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னராசு அண்ணன் பக்க அட்டையில் காதை வைத்தார், எழுந்தார், கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் புறங்கையால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

நாலு மணிக்கு ராமஸ்வாமி சார் வந்தார். நல்ல நேரம்தான் அது. ஐபாடைச் சொருகி அவரே போட்டார், பெருமாள் பாட்டு வந்தது. காரைச் சுற்றி ரெண்டு தரம் வந்தார், குனிந்து பார்த்தார், சிரித்துவிட்டார். பாயிடம் பத்திரிகையும் தாம்பூலமும் தட்டில் வைத்துக் கொடுத்தார். சின்னராசு அண்ணனுக்கு ஒரு பை. என்னிடம், "நீயும் வாம்மா" என்றார். நான் போகவில்லை. கார் வளைவு தாண்டிப் போகிறவரை பாட்டு கேட்டது, பிறகு லாரிச் சத்தம்.

பாய் அன்றைக்குக் கணக்கு பேசவில்லை. ஷட்டரை இழுத்துவிட்டு, நாளைக்கு ஜும்மா தொழுகை, காலையிலேயே பேசிக்கலாம் என்று சொல்லிப் போனார். கும்மிடிப்பூண்டி போகிற ரயிலில் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை, கதவோரம் நின்றேன். வீட்டில் அம்மா நகத்தில் இருந்த கறுப்பைப் பார்த்து, "இதுக்கா படிச்ச?" என்றாள். இதுக்குத்தான் என்றேன். வேலை போனால் என்ன செய்வது என்று இரவெல்லாம் யோசித்திருப்பேன் என்று நினைக்க வேண்டாம், அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன். விடியும்போதுதான் அந்த யோசனை வந்தது. பேசிக்கலாம் என்றால் அவர் பேசுவார், நான் நின்று கேட்க வேண்டும். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லுகிறவரை கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் அங்கேயே இருக்கச் சொல்லிவிடுவார். அந்த நாற்காலிக்கு அப்படி ஒரு குணம்.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்குப் போனேன். பாய் இன்னும் உள்ளே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சலாம் சொன்னேன். கண்ணாடிக் கதவைத் தள்ளி, கவுண்டரைத் தாண்டி, நேரே பின்னால் ஷெட்டுக்குப் போனேன். ஒரு டாடா சுமோ நின்றிருந்தது. அண்ணன் இன்னும் வரவில்லை. நான் அதன் பின் கதவைத் திறந்து ஸ்பீக்கர் பலகையைக் கழற்ற ஆரம்பித்தேன். திருகு மூன்று முறை நழுவியது.

சின்னராசு அண்ணன் ஒன்பதுக்கு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்தப் பக்கத்துத் திருகு மரை போனது. இடுக்கி வச்சி எடு" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய் பானெட்டைத் திறந்தார்.

பாய் ஷெட்டு வாசலில் வந்து நின்றார். நிற்பது முதுகில் தெரிந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் கேட்பது போல ஆகிவிடும். இடுக்கியை வைத்து அழுத்தினேன். திருகு அசையவில்லை.

முன்னால் யாரோ கண்ணாடிக் கதவைத் திறந்தார்கள். ஒரு லாரிக்காரக் குரல், கவுண்டர்ல யாருங்க, ஹாரன் வேணும், பில்லோட வேணும் என்றது. கவுண்டர்ல யாரு என்று மறுபடி. அண்ணன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பாய் தொண்டையைச் செருமினார். பிறகு அவருடைய செருப்புச் சத்தம் முன்பக்கம் போனது. சுழல் நாற்காலி கிறீச்சென்றது. "இருப்பா, இருப்பா" என்றார். மேசை டிராயரை இழுத்து பில் புக்கைத் தேடுகிற சத்தம் கேட்டது.

திருகு ஒரு சுற்று வந்தது.